"லீற்றருக்கு 30 ஓடும்": பழைய ஹைபிரிட் கார் வாங்கப்போகும் ஏ-9 பயணிகளுக்கு ஓர் எச்சரிக்கை

யாழ்ப்பாணத்தில் குடியிருந்துகொண்டு கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்று நாள்தோறும் வேலைக்குப் போய்வருவோரில் பலர் இப்போது பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களில் பழையவற்றைத் தேடுகிறார்கள். நானும் அந்தத் தேவைக்காகவே ஒன்றை வாங்கினேன். அந்த விற்பனையில் எது மறைக்கப்பட்டது, எது நேரடியான பொய், எது பொய்யாக இல்லாமலே ஆளை ஏமாற்றக்கூடியது என்பவற்றைப் பிரித்துச் சொல்வதற்காக இதை எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் விற்பனை நிலையத்தின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்து அந்த ஒரு படலையை மட்டும் தவிர்ப்பதால் பெரிய பயனும் இல்லை, ஏனெனில் கீழே சொல்லப்படும் வித்தைகளை யாரும் செய்யலாம்.

கார் 2014ஆம் ஆண்டு டொயோட்டா அக்குவா. முன்கண்ணாடிக்குள் வைத்திருந்த அட்டையில் "1 லீற்றர் – 30 கி.மீ." என்று பெரிதாக எழுதியிருந்தது, வட்ஸ்அப்பில் அனுப்பிய விபரத்திலும் அதே வரி இருந்தது. நான் என் ஓட்டத்தை விளக்கமாகவே சொன்னேன். கோண்டாவிலிலிருந்து கிளிநொச்சிக்குப் போய்வர ஏறத்தாழ 130 கிலோமீற்றர், அதில் பெரும்பகுதி ஏ-9 வீதியில் ஒரே சீரான வேகத்தில், கூட மூன்று சக ஊழியர்கள், ஏ.சி. நிறுத்தமில்லாமல் ஓடும், இந்த நிலையில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டேன். "அண்ணை, லோங் ஓடினா இன்னும் கூடத்தான் வரும். டவுனுக்கை ஓடினாத்தான் கொஞ்சம் குறையும்" என்றார் விற்றவர்.

ஹைபிரிட் காரின் இயல்பை இதைவிட முழுமையாகத் தலைகீழாகச் சொல்லிவிட முடியாது. சாதாரணக் காரில் பிரேக் பிடிக்கும்போது வெப்பமாகி வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை மோட்டார் வழியாக மீட்டுப் பற்றரியில் சேர்ப்பதும், நின்று நகரும் இடங்களில் எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த மின்சாரத்தில் ஓடுவதும்தான் ஹைபிரிட்டின் முதன்மையான சிக்கனம். பளையைக் கடந்து 70இல் சீராகப் போகும்போது பிரேக் பிடிக்கவே அதிகம் தேவையில்லை என்பதால் மீட்பதற்கு எதுவும் இல்லை. காரை இழுப்பது பெற்றோல் எஞ்சின்தான். எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும் அட்கின்சன் முறையில் அந்த எஞ்சின் வடிவமைக்கப்பட்டிருப்பதாலும், காரின் உடல் காற்றை இலகுவாகக் கிழிப்பதாலும் நெடுந்தூரத்திலும் சாதாரணக் காரைவிட அது நன்றாகவே ஓடும் என்பது உண்மை. ஆனால் நகரத்துக்குள் கிடைக்கும் அளவைவிட வெளிவீதியில் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அந்தக் காரைப் பொறுத்தவரை பொதுவாக எதிர்பார்க்கக்கூடிய காரியம் அல்ல.

அப்படியானால் 30 என்ற எண் எங்கிருந்து வருகிறது? ஜப்பானில் அந்தக் காலத்தில் எரிபொருள் அளவு கணிக்கப்பட்டது ஜே.சி. 08 என்ற ஆய்வுகூடச் சோதனையால். 2014 அக்குவாவுக்கு அந்தச் சோதனையில் வந்த அளவு லீற்றருக்கு 37 கிலோமீற்றர். சோதனையின் மொத்தத் தூரம் சுமார் 8 கிலோமீற்றர்தான். சராசரி வேகம் மணிக்கு 24.4 கிலோமீற்றர், ஏ.சி. ஓடுவதில்லை, உருளைகளின் மேல் நின்றபடியே கார் ஓடும். அந்த ஓட்டத்துக்கு அது நேர்மையான எண்தான், ஆனால் அது ஆனையிறவு வெளியில் நான்கு பேரோடு ஓடும் காருக்கு உரிய எண் அல்ல. இதே கார் அமெரிக்காவில் பிரியஸ் சி என்ற பெயரில் 2012 முதல் விற்கப்பட்டபோது, அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் அதற்குக் கொடுத்த நெடுஞ்சாலை அளவு கலனுக்கு 46 மைல், அதாவது லீற்றருக்கு ஏறத்தாழ 19.5 கிலோமீற்றர். நகர அளவு 53 மைல், அதாவது 22.5. பின்னர் அந்த எண்களும் கீழே இறக்கப்பட்டன. அங்குள்ள நெடுஞ்சாலை வேகங்கள் நமது 70 என்ற எல்லையைவிட அதிகம் என்பதால் ஏ-9இல் நல்ல நிலையில் உள்ள அக்குவா அதைவிடச் சற்றுக் கூடக் கொடுக்கும். சக ஊழியர்களின் கார்களையும் பார்த்தபின் 21 முதல் 24 வரை என்பதே நியாயமான எதிர்பார்ப்பு என்று நான் கருதுகிறேன். 37 எங்கே, 22 எங்கே? இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் விற்பவர்கள் தங்கள் பொய்களைப் புதைக்கிறார்கள்.

பின்கண்ணாடியில் ஜப்பானிய எழுத்தில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரைத் தொட்டுக்காட்டி, "இது ஜப்பான் அரசாங்கமே குடுத்த சான்று" என்றும் அவர் சொன்னார். அந்த ஸ்டிக்கரில் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கே கிடையாது. 2015ஆம் ஆண்டுக்கென வகுக்கப்பட்ட எரிபொருள் தரத்தை இந்த வகைக் கார் இத்தனை வீதத்தால் தாண்டியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அது கார் புதிதாக இருந்தபோது அந்த மாதிரிக்குக் கொடுக்கப்பட்டது; பத்து ஆண்டு கடந்த ஒரு தனிக் காரின் உடல்நிலைக்கு அது சாட்சியாகாது.

அடுத்தது சோதனை ஓட்டம். காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாகியிருந்தது, பற்றரி அளவு உச்சியில் நின்றது, சராசரி எரிபொருள் காட்டும் திரை பூச்சியத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. திருநெல்வேலிச் சந்தி, நல்லூர், கந்தர்மடம் என்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினோம், "காலமை நேரம் ஏ.சி. எதுக்கு அண்ணை" என்று அதையும் போடவில்லை. திரும்பியபோது திரையில் 31.8 என்று நின்றது. திரை பொய் சொல்லவில்லை, ஆனால் அது எண்ணுவது எரிந்த பெற்றோலை மட்டுமே. நான் வருவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரியில் ஏற்றிய மின்சாரத்துக்கான பெற்றோல், திரை பூச்சியமாக்கப்பட்டதோடு கணக்கிலிருந்து போய்விட்டது. அந்த மின்சாரத்தில் ஓடிய தூரமோ முழுவதுமாக வரவில் சேர்ந்தது. சில கிலோமீற்றர் ஓட்டத்துக்கு எந்த ஹைபிரிட் காரிலும் இப்படி ஓர் அழகான எண்ணை வரவழைக்கலாம். 50 கிலோமீற்றருக்குக் குறைந்த ஓட்டத்தில் திரை காட்டும் சராசரியை ஒருவரும் பொருட்படுத்தக் கூடாது என்பேன்.

வாங்கியபின் நான் செய்த கணக்கு பழைய முறைதான். ஒரே நிரப்பு நிலையத்தில், ஒரே குழாயில், குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, அடுத்த முறையும் அவ்வாறே நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுத்தேன். 16ஐ ஒட்டியே வந்தது. ஒரு முறை நிரப்பியதை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதால் தொடர்ந்து எழுதிவைத்தேன்; 17ஐ அது தாண்டவேயில்லை. திரையோ 19 வரை காட்டியது. சோளகக் காற்றுக் காலம் அது. ஆனையிறவுக்கும் பரந்தனுக்கும் இடையில் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகைத் தள்ளும். ஆதலால் ஒரு வழிப் பயணத்தை மட்டும் அளந்து பேசுபவரின் எண்ணையும் நம்ப வேண்டாம். போய்வந்த முழுத் தூரத்தையே கொள்ள வேண்டும்.

இதன் பணக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாளுக்கு 130 கிலோமீற்றர், மாதம் 22 வேலைநாள் என்று வைத்தால், லீற்றருக்கு 30 கி.மீ. ஓடினால் 95 லீற்றர் போதும். 16 கி.மீ. ஓடினால் 179 லீற்றர் தேவை. 92 ஒக்ரேன் பெற்றோல் 2025இல் 300 ரூபாயை ஒட்டியே இருந்தது. அந்த விலைக்கு வித்தியாசம் மாதத்துக்கு 25,000 ரூபாய். கூட வரும் மூவரும் தரும் பெற்றோல் பங்கை விற்பவரின் எண்ணை வைத்தே பேசி முடித்திருந்தேன் என்பதால், முதல் மாத இறுதியிலேயே அந்தப் பேச்சை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. சக ஊழியரிடம் காசுக் கணக்கை இரண்டாம் முறை பேசுவது எப்படியிருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கொழும்பில் வேலை பழகி வந்த ஒருவரின் கராஜுக்குக் கொண்டுபோனேன். அவர் ஸ்கானரைப் பொருத்தியதும் வந்தது பற்றரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 என்ற குறியீடு. அதற்குமேல் அவர் பார்த்ததுதான் முக்கியம். பழைய குறியீடுகள் அழிக்கப்பட்டபின் கார் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதையும் காரின் கணினி தனியே எண்ணி வைத்திருக்கிறது. அந்த எண்ணை மீற்றரிலிருந்து கழித்துப் பார்த்தால், நான் காரை எடுத்த நாளுக்குச் சற்று முன்புதான் யாரோ குறியீட்டை அழித்திருக்கிறார்கள். விளக்கு எனக்கு முன்பே எரிந்திருக்கிறது.

பின் ஆசனத்தைக் கழற்றியதும் மீதியும் வெளியே வந்தது. அக்குவாவின் நிக்கல் பற்றரி 20 தொகுதிகளைக் கோத்து 144 வோல்ட் தரும்படி செய்யப்பட்டது. அதில் சில தொகுதிகளின் நிறமும் தொடர் இலக்கமும் மற்றவற்றோடு ஒத்துவரவில்லை. இணைப்புத் தகடுகளில் புதுச் சுரண்டல் இருந்தது. வேறு கார்களில் கழித்த தொகுதிகளை எடுத்து, செத்தவற்றின் இடத்தில் வைத்திருக்கிறார்கள். வெவ்வேறு வயதுள்ள தொகுதிகள் ஒரே கோவையில் வேலை செய்தால் பலவீனமானது விரைவில் நிரம்பி விரைவில் காலியாகும். எஞ்சின் அடிக்கடி எழுந்து அதற்கு மின்சாரம் ஊட்ட வேண்டியிருக்கும். "தம்பி, இது செத்த பற்றரிக்குப் பொட்டு வைச்சு விட்டிருக்கிறாங்கள்" என்றார் அவர். பற்றரியைக் குளிர்விக்கும் விசிறியின் வாயிலில் புழுதி அடைத்திருந்ததையும் காட்டினார். அந்த வாயில் பின் ஆசனத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. வாங்குபவர் குனிந்து பார்த்தாலே தெரியும்.

ரயர்களையும் மாற்றியிருந்தார்கள். அக்குவாவில் என்னுடையதான "எஸ்" என்ற வகைக்கு வரவேண்டியது 15 அங்குல றிம்மில் 175 அகல ரயர். என் காரில் இருந்தது பார்வைக்கு எடுப்பான 16 அங்குல அலோயில் 195 அகலம். அகலம் கூடினால் உருளும் தடையும் கூடும், பெற்றோலும் கூடப் போகும். இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன், கண்ணுக்குத் தெரிந்தே இருந்தது. "அலோயும் சேர்த்துத் தாறம்" என்று அதையே ஒரு சலுகையாகச் சொன்னதுதான் வேடிக்கை.

நிலையத்துக்குத் திரும்பிப் போனேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அங்கே கேட்ட பதில்தான். "ஹைபிரிட் எண்டா டவுனுக்குத்தான் அண்ணை. லோங் ஓடினா அப்பிடித்தான் குடிக்கும்" என்றார் அதே மனிதர். விற்கும்போது நெடுந்தூரத்துக்கு ஏற்றதாக இருந்த கார், காசு கைமாறியபின் நகரத்துக்கு மட்டுமே உரியதாகிவிட்டது. இரண்டாவது கூற்றில் ஓரளவு உண்மை இருப்பதுதான் அதன் ஆபத்து. ஏனெனில் பற்றரி நன்றாக இருந்தாலும் 30 வந்திருக்காது என்ற அந்த உண்மையின் பின்னால், பற்றரி கெட்டிருந்தது மறைக்கப்பட்டது என்ற குற்றம் ஒளிந்துகொள்கிறது. தொகுதிகளைப் பற்றிக் கேட்டதற்கு, "நாங்களும் இப்பிடியேதான் வாங்கினனாங்கள்" என்றார்கள். தந்திருந்த உத்தரவாதத் தாளில் எஞ்சினும் கியர்பெட்டியும் மட்டுமே இருந்தன. "எல்லாம் அடங்கும்" என்பது வாய்ச்சொல்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு மறுபடி திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடையில் நாட்டிலிருந்த அதே கார்கள் கைமாறிக் கைமாறி விலையேறின. சந்தையில் நிற்கும் ஹைபிரிட்களில் பெரும்பாலானவற்றின் பற்றரிகள் ஒன்றில் தம் ஆயுளின் கடைசியில் இருக்கின்றன, அல்லது ஏற்கெனவே திறக்கப்பட்டிருக்கின்றன என்று எடுத்துக்கொண்டே பேரம் பேசுவது நல்லது.

பார்க்கப் போகிறவர்கள் முன்னறிவிப்பில்லாமல் போங்கள், அல்லது எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கின் ஸ்கானரோடு போய், குறியீடு இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், குறியீடு அழிக்கப்பட்டபின் ஓடிய தூரத்தையும், ஓடும்போது தொகுதிகளுக்கிடையிலான வோல்ட் வித்தியாசத்தையும் பாருங்கள். விற்பவர் சம்மதித்தால், தாங்கியை நிரப்பி யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தன் வரை ஏ.சி. போட்டு ஓட்டி, திரும்பிவந்து அதே குழாயில் நிரப்பிக் கணக்குப் பாருங்கள். இதற்குச் செலவாகும் சில லீற்றர் பெற்றோல் பெரிய தொகையல்ல. அந்த ஓட்டத்தில் பற்றரி அளவு அடிக்கடி உச்சிக்கும் அடிக்கும் தாவினால், அல்லது பின் ஆசனத்து விசிறி ஓயாமல் இரைந்தால், பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். பற்றரி திறக்கப்பட்டதா, திறக்கப்பட்டால் யார் என்ன மாற்றினார்கள் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பதும் ஒரு பதில்தான்.

என் காருக்கு முழுப் பற்றரியையும் மாற்றி, ரயர்களையும் உரிய அளவுக்குக் கொண்டுவந்தபின், அதே வீதியில், அதே நான்கு பேரோடு இப்போது 22ஐ ஒட்டி வருகிறது. பற்றரிச் செலவைக் கேட்டு, கராஜின் அறிக்கை, வட்ஸ்அப் செய்தி, அட்டையின் படம் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதியிருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி இத்தகைய முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போய்ச்சேர வேண்டும். "பார்ப்பம், செய்து தாறம்" என்ற தவணைகளில் அந்த மூன்று மாதமும் கரைந்துவிடக்கூடும் என்பதால், அண்மையில் வாங்கியவர்கள் பற்றுச்சீட்டிலுள்ள திகதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.