மெக்ளெல்லனா, கிராண்டா? லிங்கனின் இரு தளபதிகள்

அமெரிக்காவின் வடமாநிலங்களும் பிரிந்துபோன தென்மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரைப் பாடமெடுக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்கள் அதிபர் லிங்கனின் வடபடைத் தளபதிகளான இந்த இருவரிலிருந்து தொடங்கலாம். போரும் அரசியலும் இவர்களிடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன.

மெக்ளெல்லன் படையைக் கட்டுவதில் வல்லவர். 1861-இல் தோற்றுக் கலைந்து கிடந்த வீரர்களை ஒழுங்கான சேனையாக்கினார். ஆனால் எதிரியின் எண்ணிக்கையை எப்போதும் கூட்டியே நம்பினார். 1862 செப்டம்பரில் தென்படைத் தளபதி லீயின் படைநகர்வு ஆணையே கையில் கிடைத்தது. ஆன்டீட்டமில் மோதியும், கையிருப்புப் படையில் பெரும்பகுதியை இறக்கவில்லை. மறுநாள் இரவே லீ பொட்டோமாக் ஆற்றைக் கடந்து தப்பினார். நவம்பரில் லிங்கன் மெக்ளெல்லனை நீக்கினார்.

கிராண்ட் வேறு ரகம். தென்மாநில நகரமான விக்ஸ்பர்க்கில் நேரடித் தாக்குதல்கள் தோற்றதும் முற்றுகையிட்டு, உணவு வரத்தை அடைத்தார். 1863 ஜூலை 4-இல் நகரம் சரணடைந்தது. அவரே 1864 ஜூன் 3-இல் கோல்ட் ஹார்பரில் அரண்மீது நேரே ஏறிப் பல்லாயிரம் பேரை இழந்தார். அது எவ்வளவு கடினம் என்பதைக் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை ஏறியவருக்குச் சொல்ல வேண்டியதில்லை: 1791 நவம்பரில் மேக்ஸ்வெல்லின் ஆங்கிலப் படை கீழ்க்கோட்டையைப் பிடித்தும், மேலே ஏற முடியாமல் திரும்பியது.

இழப்புகளால் மக்கள் சலித்தார்கள். 1864 ஆகஸ்டில் லிங்கனே, அவ்வாண்டு அதிபர் தேர்தலில் தான் தோற்கக்கூடும் என்று எழுதி வைத்தார். எதிர்த்து நின்றவர் அதே மெக்ளெல்லன்! செப்டம்பர் 2-இல் வடபடைத் தளபதி ஷெர்மன் தென்மாநில நகரமான அட்லாண்டாவைப் பிடித்ததும் காற்று மாறியது. லிங்கனுக்கு 212 தேர்வாளர் (மாநிலங்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்போர்) வாக்குகள், மெக்ளெல்லனுக்கு 21.

நம் தேர்வு கிராண்டே. அடிபட்டும் அவர் பின்வாங்கவில்லை. லீ காத்துநின்ற பீட்டர்ஸ்பர்க் நகரை முற்றுகையிட்டு ரயில் பாதைகளை ஒவ்வொன்றாக அறுத்தார். 1865 ஏப்ரல் 9-இல் லீ சரணடைந்தார்.