ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் ஏடிஎல்08 தரவு: நிலப்போர்வையைப் பிரித்தறிய எந்த அளவுக்கு உதவும்?

காடு, புதர், திறந்தவெளி என உயரத்தால் வேறுபடும் நிலங்களைப் பிரித்தறிய விரும்புவோருக்கு, இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் லேசர் தரவுகளில் நாசாவின் ஏடிஎல்08-ஐத்தான் முதலில் பரிந்துரைப்பேன். இதை மட்டுமே வைத்து முழுமையான நிலப்போர்வை (நிலத்தை மூடியிருப்பது காடா, புல்லா, கட்டடமா என்ற வகைப்பாடு) வரைபடம் தயாரிக்க நினைப்பவர்களுக்கு இது போதாது.

2018 செப்டம்பரில் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2, 532 நானோமீட்டர் பச்சை லேசரை நொடிக்கு 10,000 முறை துடிக்கவிட்டு, மூன்று இணைகளாக அமைந்த ஆறு கற்றைகளாகத் தரைக்கு அனுப்புகிறது; ஒவ்வோர் இணையிலும் ஒன்று வலுவானது, மற்றது வலுக்குறைந்தது. திரும்பி வரும் ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகளும்) தரையிலிருந்து வந்ததா, மர விதானத்திலிருந்து வந்ததா, விதானத்தின் உச்சியிலிருந்து வந்ததா, வெறும் இரைச்சலா என்று வகைப்படுத்தி, 100 மீட்டர் துண்டுகளாகத் தரையின் உயரத்தையும் தாவரங்களின் உயரத்தையும் தருவதே ஏடிஎல்08. பிந்தைய பதிப்புகளில் 20 மீட்டர் அளவிலான உயரங்களும் சேர்க்கப்பட்டிருப்பது, சிறு வயல்களும் தோப்புகளும் கலந்து கிடக்கும் நிலப்பகுதிகளுக்குப் பெரிய உதவி.

இதன் சிறப்பை உணர, 2003 முதல் 2009 வரை இயங்கிய முதல் ஐஸ்சாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அதன் ஒளித்தடம், அதாவது ஒரு லேசர் துடிப்பு தரையில் விழும் வட்டம், ஏறத்தாழ 70 மீட்டர் அகலமுடையது. 20 பாகைச் சரிவில் அத்தடத்தின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே மட்டும் சுமார் 25 மீட்டர் உயர வேறுபாடு வந்துவிடுவதால், மரமே இல்லாத பாறைச் சரிவும் திரும்பி வரும் ஒளியின் அலைவடிவத்தில் உயர்ந்த காட்டைப் போலத் தோன்றக்கூடும். ஐஸ்சாட்-2-இன் ஒளித்தடம் சுமார் 11 மீட்டர் என்பதால், அதே சரிவில் இந்த வேறுபாடு 4 மீட்டராகக் குறைகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள ஜெடி என்ற லேசர் கருவி அடர்ந்த வெப்பமண்டலக் காடுகளின் உள்ளமைப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் என்றாலும், ஏறத்தாழ 52 பாகை அட்சத்துக்கு அப்பால் அதற்குப் பார்வை இல்லை. பின்லாந்து, அலாஸ்கா போன்ற வடபுலக் காடுகளை ஆராய்பவர்களுக்கு ஐஸ்சாட்-2-தான் வழி.

குறைகளும் இந்தத் தரவின் இயல்பிலேயே உள்ளன. புல்வெளியும் தரிசும் உயரத்தில் ஒன்றுபோலவே இருப்பதால், திரும்பும் ஃபோட்டான்களின் எண்ணிக்கையில் தெரியும் பிரதிபலிப்பு வேறுபாட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அதுவும் மேகத்தாலும் ஈரத்தாலும் மாறக்கூடியது. நகரங்களில் கட்டடக் கூரைகள் விதானமாகக் கணக்கிடப்பட்டுவிடக்கூடும். பகலில் சூரிய ஒளியின் இரைச்சல் மிகுவதால், வலுவான கற்றைகளின் இரவுப் பதிவுகளை முதலில் எடுத்துக்கொள்வதே நல்லது.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. ஏடிஎல்08 கோப்பிலேயே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிலப்போர்வைக் குறியீடு இருக்கிறது. அதைக் கண்டதும் லேசரே நிலத்தை வகைப்படுத்திவிட்டது என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் புவிநோக்குத் திட்டத்தின் 100 மீட்டர் நிலப்போர்வை வரைபடத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது. பழைய பதிப்புகளில் நாசாவின் மோடிஸ் செயற்கைக்கோள் கருவி தந்த வரைபடத்திலிருந்து வந்தது. அக்குறியீட்டையே விடையாக வைத்து ஒரு ராண்டம் ஃபாரஸ்ட் (இயந்திரக் கற்றல் முறைகளில் ஒன்று) மாதிரியைப் பயிற்றுவித்து, அதையே கொண்டு துல்லியத்தையும் அளந்தால், அந்த வரைபடத்தின் பிழைகளை லேசர் தரவு எவ்வளவு நன்றாகப் பின்பற்றுகிறது என்பதையும் சேர்த்தே அளந்தவர்களாவோம். களஆய்வோ, உயர்தெளிவுப் படங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்த புள்ளிகளோ இல்லாமல் வரும் துல்லிய விழுக்காட்டை நான் ஏற்பதில்லை.

கற்றை இணைகளுக்கு இடையே சுமார் 3.3 கிலோமீட்டர் வெற்றிடம் இருப்பதால், தடங்களின் மீது கிடைக்கும் உயரங்களை ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் பலநிறமாலைப் படங்களோடு இணைத்துப் பரப்புவதே முறையான பயன்பாடு. புல்லையும் தரிசையும் நிறமாலை பிரித்துவிடும். ஒரே பசுமையாகத் தெரியும் புதரையும் மரத்தையும் லேசர் பிரித்துவிடும். தரவை நாசாவின் எர்த்டேட்டா கணக்கு ஒன்றைத் தொடங்கி இலவசமாகப் பதிவிறக்கலாம். எச்டிஎஃப்5 என்ற வடிவில் வரும் அக்கோப்புகள் பெரியவை. பைத்தான் அறிந்தவர்கள் ஐஸ்பிக்ஸ் நூலகத்தின் வழியே தமக்கு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது நேரத்தையும் இணையச் செலவையும் மிச்சப்படுத்தும்.