மெமரி சோதனைக் கருவிகள்: எது எந்தக் கோளாறைப் பிடிக்கும்?

ஓவர்க்ளாக் செய்த, அதாவது நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓடவிட்ட, கணினி நீலத் திரை காட்டினால் பழி முதலில் ராம் மீதுதான் விழுகிறது. ஒரு சோதனையை ஓட்டுகிறார்கள், பிழை வரவில்லை, மெமரியில் குறையில்லை என்று முடிவு கட்டி விண்டோஸை மறுபடி நிறுவப் போய்விடுகிறார்கள். அந்த முடிவு அவசர முடிவு. ராம் சிப், சிபியுவுக்குள் இருந்து ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர், சிபியு கோர் என எது தடுமாறினாலும் வெளியே தெரியும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு கருவியும் இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் நன்றாக உலுக்குகிறது.

மெம்டெஸ்ட்86, மெம்டெஸ்ட்86+ இரண்டும் பெயரில் நெருக்கமானவை, ஆனால் தனித்தனி மென்பொருள்கள். முன்னதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நின்றுவிடும். பின்னது திறமூலம், 2022இல் வந்த ஆறாம் பதிப்பில் புதிதாக எழுதப்பட்டது. இரண்டும் பென் டிரைவிலிருந்து நேரடியாக இயங்குவதுதான் பெரிய பலம். நிலையற்ற மெமரியோடு விண்டோஸைத் திறந்தால் கெட்டுப்போன தரவு வட்டிலும் எழுதப்பட்டு, நல்ல கோப்புகளும் பாழாகும். ஆகவே புதிய அமைப்பை முதன்முறை சோதிக்க இவையே பாதுகாப்பானவை. பலவீனமும் அங்கேயே இருக்கிறது: கிராஃபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கிறது, சிபியு மீது சுமை குறைவு, பெட்டிக்குள் சூடு ஏறுவதில்லை. இவற்றில் பிழை வந்தால் கோளாறு உறுதி. வராவிட்டால் மிக மோசமான கோளாறு இல்லை என்பது மட்டுமே உறுதி.

விண்டோஸுக்குள் ஓடும் கருவிகளில் என் ஓட்டு டெஸ்ட்மெம்5க்கே. இலவசம். ஆனால் அதோடு வரும் இயல்புக் கான்ஃபிக் (அமைவு) கோப்பு போதாது. ஓவர்க்ளாக் செய்பவர்கள் எழுதிப் பகிரும் 'எக்ஸ்ட்ரீம்' வகைக் கோப்பை ஏற்றினால்தான் அதன் பல் தெரியும். டைமிங்கை (ராம் செயல்களுக்கு இடையிலான காத்திருப்பு நேரங்களை) அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் இது விரைவாகக் காட்டிக்கொடுக்கும். கார்ஹு ராம் டெஸ்ட் பயன்படுத்த எளிது, முன்னேற்றத்தை விழுக்காட்டில் சொல்கிறது, பணம் கொடுத்து வாங்க வேண்டும். எச்சிஐ மெம்டெஸ்ட் பழைய நம்பிக்கையான கருவிதான். இலவசப் பதிப்பில் முழு மெமரியையும் நிரப்பப் பல சன்னல்களைத் திறக்க வேண்டியிருப்பதால் இன்று அதைத் தேடிப் போகத் தேவையில்லை.

அடுத்தது பிரைம்95. பகா எண் தேடப் பிறந்த இந்த மென்பொருளை வெறும் சிபியு சோதனையாக நினைப்பது பெரிய இழப்பு. 'ஸ்மால் எஃப்எஃப்டி' முறையில் கணக்கு முழுவதும் சிபியுவின் உள் நினைவகமான கேஷுக்குள் அடங்கிவிடும். 'லார்ஜ் எஃப்எஃப்டி' முறையில் தரவு ராமுக்கும் சிபியுவுக்கும் இடையே ஓயாமல் ஓடும். பிழை வரும்போது அது சொல்லும் வரியைப் பாருங்கள்: "ரவுண்டிங் வாஸ் 0.5, எக்ஸ்பெக்டட் லெஸ் தேன் 0.4". மிகப்பெரிய எண்களைத் தசமப் புள்ளிக் கணக்கில் பெருக்கும்போது விடை முழு எண்ணை ஒட்டியே விழ வேண்டும். 0.5 தள்ளி விழுந்தால் வழியில் எங்கோ ஒரு பிட் மாறிவிட்டது என்று பொருள்.

இரண்டு முறைகளையும் அடுத்தடுத்து ஓட்டினால் குற்றவாளியை நெருங்கலாம். ஸ்மாலிலேயே விழுந்தால் மெமரியைத் தொடாதீர்கள். கோர் வோல்டேஜையோ வேகத்தையோ பாருங்கள். ஸ்மால் தேறி லார்ஜில் மட்டும் விழுந்து, டெஸ்ட்மெம்5உம் சுத்தமாக இருந்தால், சந்தேகம் கன்ட்ரோலர் மீது திரும்புகிறது. அதை இன்னும் கடுமையாக வாட்ட வேண்டுமானால் ஒய்-க்ரஞ்சர் என்ற கணக்கீட்டு மென்பொருளின் விடி3 சோதனை இருக்கிறது. கன்ட்ரோலர் சோதனைக்கு நான் முதலில் எடுப்பது அதைத்தான்.

எந்தக் கருவியும் பிழை காட்டாத ஒரு கோளாறும் உண்டு. ஏஎம்டியின் ரைசன் சிபியு உள்ள கணினிகளில், கோர்களையும் மெமரி கன்ட்ரோலரையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் வேகம் எல்லை மீறினால் பிழைகள் திருத்தப்பட்டபடியே ஓடிக்கொண்டிருக்கும். இயக்கம் மட்டும் விக்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் வியா-லாகர் 19 என்ற பதிவு வரிசையாக நின்றால் ராம் டைமிங்கோடு மல்லுக்கட்டாமல் ஃபேப்ரிக்கை ஒரு படி இறக்குங்கள். இங்கே வோல்டேஜை ஏற்றிச் சமாளிக்கும் ஆசையும் ஆபத்தானது. ரைசனின் ஏஎம்5 தளத்தில் சில சிபியுக்கள் கருகிய பிறகு, 2023இல் மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பே வந்தது.

சூடு பற்றிப் பலரும் பேசுவதில்லை. மெமரிச் செல்லில் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். சூடு ஏற ஏறக் கசிவு கூடும். டிடிஆர்4இல் அதைப் புதுப்பிக்கும் இயல்பு இடைவெளி 7.8 மைக்ரோ வினாடி. வேகத்துக்காக அந்த இடைவெளியை நீட்டியவர்களுக்குத்தான் முதல் அடி விழும். திறந்த பெட்டியில் மணிக்கணக்கில் தேறிய அமைப்பு, கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பக் காற்று பட்டதும் விளையாட்டின் நடுவே சரிவது இதனால்தான். டெஸ்ட்மெம்5 ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சுமை கொடுங்கள்.

ஆகவே வரிசை இது: சிபியுவை இயல்பு வேகத்துக்குத் திருப்பிவிட்டு மெம்டெஸ்ட்86+ ஒரு சுற்று, பிறகு டெஸ்ட்மெம்5, பிறகு விடி3 அல்லது லார்ஜ். மூன்றும் தேறிய பின்பே கோர் ஓவர்க்ளாக்கை மீண்டும் சேர்த்து, ஸ்மாலை ஓட்டுங்கள். கடைசியாகக் கணினியை முழுதும் அணைத்து, மின்சாரத்தையும் துண்டித்து, ஆறவிட்டுத் திரும்ப இயக்குங்கள். மதர்போர்டு மெமரியைப் புதிதாகப் பயிற்றுவிக்கும்போது வேறு மதிப்புகளைத் தேர்ந்துகொள்ளக்கூடும். நேற்றுத் தேறியது இன்று தேறாமல் போக இதுவும் காரணம். அதன் பிறகும் டெஸ்ட்மெம்5 பிழையின்றி முடிந்தால் அந்த அமைப்பை பயாஸில் சேமித்துக்கொள்ளலாம்.