டேட்டாலூமோஸ் காப்பகம்: கோப்போடு கையேடும் வேண்டும்

அமெரிக்க அரசின் பள்ளி, கல்லூரித் தரவுகளைக் கொண்டு தரவு அறிவியல் கற்பித்துவரும் எனக்கு, 2025இன் தொடக்க மாதங்கள் பெரும் கலக்கத்தைத் தந்தன. ஜனவரி 31 அன்று நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையதளத்திலிருந்து பல பக்கங்கள் அகற்றப்பட்டன. 1991 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்டுவரும் நடத்தை சார்ந்த கணக்கெடுப்பின் பக்கங்களும் அவற்றில் இருந்தன. பிப்ரவரி 11 அன்று நீதிமன்றம் தலையிட்ட பிறகு அவை மீண்டும் வந்தன என்றாலும், பாடத்திட்டத்தின் அடிப்படையான ஒரு கோப்பு ஒரே நாளில் மறைந்துபோகக்கூடும் என்பதை அறிந்த பின் பழைய நம்பிக்கையோடு வகுப்பெடுக்க முடியவில்லை. அதனால்தான் டேட்டாலூமோஸைத் தொடர்ந்து பயன்படுத்தத் தொடங்கினேன்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இயங்கும், சமூக அறிவியல் தரவுகளைச் சேமித்துவைக்கும் ஐ.சி.பி.எஸ்.ஆர். நிறுவனம், அழியும் ஆபத்திலுள்ள அரசுத் தரவுகளுக்காக 2017இல் திறந்த காப்பகம் இது. 1962இல் அந்நிறுவனம் தொடங்கப்பட்டபோது அரசியல் ஆய்வுத் தரவுகளைப் பல்கலைக்கழகங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்வதே அதன் பணியாக இருந்தது. அதன் மற்றத் தொகுப்புகளில் பல உறுப்பு நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைக்கும். டேட்டாலூமோஸிலோ இலவசக் கணக்கு ஒன்று இருந்தால் போதும். யாரும் பதிவேற்றலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தொகுப்புக்கும் நிலையான அடையாள எண் வழங்கப்படுவதால், கட்டுரையில் மேற்கோளாகக் காட்டிய தரவை வாசகர் பல ஆண்டுகள் கழித்தும் தேடிக் கண்டடைய முடியும். கற்பிப்பவர்களுக்கு இது சிறிய வசதி அன்று.

ஆனால் ஒரு தரவுக் காப்பகத்தை எத்தனை கோப்புகள் வைத்திருக்கிறது என்று எண்ணி மதிப்பிடுவது தவறு என்று நான் கருதுகிறேன். கல்வித் துறை 1968 முதல் நடத்திவரும் குடிமை உரிமைகள் தரவுச் சேகரிப்பின் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர் எண்ணிக்கை போன்ற நெடுவரிசைகளில் ஆங்காங்கே -9 என்ற எண் வரும். ‘பொருந்தாது அல்லது கேட்கப்படவில்லை’ என்பதற்கான குறியீடு அது. அடுத்தடுத்த நான்கு பள்ளிகளுக்கு 12, 7, -9, 2 என்று இருப்பதாகக் கொள்வோம். இத்தகைய குறியீடுகளின் பொருளை விளக்கும் குறியீட்டுக் கையேட்டைப் படிக்காத மாணவர் சராசரி 3 என்பார். சரியான சராசரி 7. மென்பொருள் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாது, வரைபடமும் அழகாகவே வரும். அந்தத் தவறான சராசரி ஒரு கொள்கை விவாதத்துக்குள் நுழைந்துவிட்டால் அதை வெளியே எடுப்பது எளிதன்று. எனவே கையேடு இல்லாமல் காப்பாற்றப்பட்ட கோப்பு பாதிதான் காப்பாற்றப்பட்டது என்பேன்.

டேட்டாலூமோஸின் பலமும் பலவீனமும் இங்கேதான் தெரிகின்றன. தரவு, கையேடு, வினாப்படிவம் ஆகிய அனைத்தையும் ஒரே தொகுப்பில் சேர்த்து வைக்க அது இடம் தருகிறது. நூலகர்களும் தரவு வல்லுநர்களும் பதிவேற்றிய தொகுப்புகளில் எந்த நாளில், எந்த முகவரியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது வரை குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து மனம் நெகிழ்ந்ததுண்டு. ஆனால் விவரிப்பு முழுவதும் பதிவேற்றுபவரின் பொறுமையைச் சார்ந்திருக்கிறது. அவசரத்தில் பதிவேற்றப்பட்ட தொகுப்புக்கு இரண்டு வரி விளக்கமே இருந்தால், அதைத் தொடக்கநிலை மாணவரிடம் கொடுக்க முடியாது.

ஹார்வர்ட் சட்டப்பள்ளி நூலகத்தின் ஆய்வுக்கூடம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட தொகுப்பு வேறு வகையானது. அரசின் மையத் தரவுத்தளத்தில் பட்டியலிடப்பட்டிருந்த 3,11,000க்கும் மேற்பட்ட தரவுத்தொகுப்புகளை, ஏறத்தாழ 16 டெராபைட் அளவில், மின்னணுக் கையொப்பத்துடன் சேமித்திருக்கிறார்கள். மூலக்கோப்பு மாற்றப்படவில்லை என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில் அதையே நாடுவேன். எனினும் பட்டியலில் நேரடியாக இணைக்கப்பட்ட கோப்புகளையே அது எடுத்தது. இணைப்பு ஓர் அறிமுகப் பக்கத்துக்குப் போனால் அந்தப் பக்கம்தான் கிடைக்கும், அதற்கு அப்பாலுள்ள தரவு கிடைக்காது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின், சாதாரணப் பக்கங்களைத் தேட நன்று. படிவத்தை நிரப்பித் தேடும் தரவுத்தளங்களுக்கு அது உதவாது.

பொதுத் தரவைப் பாதுகாப்பது என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. கல்லூரிகளின் கட்டணம், கடன், வருமானம் ஆகியவற்றைத் தரும் அரசுக் கோப்பில், சிறிய குழுக்களுக்குரிய கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாகத் தனியுரிமைக்காக மறைக்கப்பட்டது என்ற குறிப்பே இருக்கும். ஐந்தாறு பேரின் சராசரி வருமானத்தை வெளியிட்டால் அவர்கள் யார் என்று ஊகித்துவிடலாம் என்பதே காரணம். மாணவர்கள் அந்தக் கட்டங்களைக் குறைபாடாக நினைத்து மதிப்பீட்டு எண்களால் நிரப்ப முனைகிறார்கள். அந்த மறைப்பும் தரவின் ஒரு பகுதி என்று விளக்க ஒரு முழு வகுப்பை ஒதுக்குகிறேன், ஒதுக்கத் தகுந்ததே.

காப்பகங்களால் ஆகாதது ஒன்று உண்டு. கல்விப் புள்ளிவிவரங்களைத் திரட்டுவதற்கென்றே 1867இல் அமெரிக்காவில் ஒரு துறை உருவாக்கப்பட்டது. அதன் வழிவந்த தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தில் 2025 மார்ச்சில் நடந்த ஆட்குறைப்புக்குப் பின் மூன்று பணியாளர்களே எஞ்சினர். சேகரிக்கப்படாத தரவை யாரும் பதிவேற்ற முடியாது.

ஆகவே, ஆய்வுக்கும் வகுப்புக்கும் டேட்டாலூமோஸைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். தொகுப்பை எடுக்கும்போது கையேடும் சேர்ந்து இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மூல இணையதளத்தில் அது இன்னும் இருக்கிறதா என்று அன்றைக்கே தேடுங்கள். கிடைத்தால் எடுத்த தேதியைக் குறித்து நீங்களே பதிவேற்றிவிடுங்கள்.