"இருவர் சேர்ந்து நிற்கக் கூடாது" கணக்கு: எந்த வழி எங்கே உதவும்?

5 பையன்கள், 3 பெண்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எந்த இரண்டு பெண்களும் அடுத்தடுத்து வராமலிருக்க நிகழ்தகவு என்ன?

பலருக்கும் முதலில் தோன்றுவது கழித்தல் வழி. மூன்று பெண்களையும் ஒரே கட்டாகக் கட்டினால் 6!×3! = 4320 (6! என்றால் 6×5×4×3×2×1), மொத்தம் 8! = 40320, கழித்தால் 36000, விடை 25/28. தப்பு. கழித்தது மூவரும் ஒன்றாக நிற்கும் வரிசைகளை மட்டும்தான். இருவர் ஒட்டி நின்று மூன்றாமவர் தள்ளி நிற்பவை எல்லாம் அந்த 36000-க்குள் அப்படியே இருக்கின்றன. நான் கேள்வித்தாள் தயாரித்தால் 25/28-ஐ நான்கு விடைகளில் ஒன்றாக வைக்காமல் விடமாட்டேன்!

இதே வழியை ஒழுங்காகச் செய்யலாம்: ஒவ்வொரு ஜோடியையும் கட்டினால் 3×2×7! = 30240, அதில் இரண்டு முறை எண்ணப்பட்ட 4320-ஐ எடுத்தால் 25920, மொத்தத்திலிருந்து கழித்தால் 14400. சரிதான், ஆனால் தேர்வு அறையில் இவ்வளவு தூரம் சுற்ற வேண்டுமா?

இடைவெளி முறையில் இரண்டே வரி. பையன்களை முதலில் நிறுத்துங்கள், 5! = 120. அவர்களுக்கு நடுவிலும் இரு ஓரங்களிலும் சேர்த்து 6 இடம் (ஓரங்களை மறந்து 4 என்று எண்ணுபவர்கள் நிறைய), பெண்களுக்கு 6×5×4 = 120 வழி. பெருக்கினால் அதே 14400, விடை 5/14.

கேட்டது நிகழ்தகவு என்பதால் எனக்குப் பிடித்தது இன்னும் சோம்பேறித்தனமான வழி. யார் எங்கே என்பதே வேண்டாம், பெண்களுக்கான இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்: 8 இடத்தில் 3-ஐ எடுக்க 56 வழி, ஒட்டாமல் எடுக்க 6 இடைவெளியில் 3, அதாவது 20 வழி. 20/56 = 5/14. பின்னத்தின் மேலே எப்படி எண்ணினீர்களோ கீழேயும் அப்படியே எண்ண வேண்டும், அவ்வளவுதான். மேலே 14400, கீழே 56 என்று கலந்தால் நிகழ்தகவு 257-ஐத் தொடும்.

சரி, இடைவெளி முறையே போதுமா என்றால் இல்லை. 3 தம்பதிகள் வரிசையில் நிற்கிறார்கள், எந்தக் கணவனும் மனைவியும் அடுத்தடுத்து வரக் கூடாது. இங்கே விலக வேண்டியவர்கள் ஒரே கூட்டம் இல்லை, யாரை முதலில் நிறுத்துவது என்றே தெரியாது. மேலே நான் நீளம் என்று ஒதுக்கிய வழிதான் இங்கே கை கொடுக்கும். மொத்தம் 6! = 720; ஒரு தம்பதியைக் கட்டினால் 3×2×5! = 720, இரண்டைக் கட்டினால் 3×4×4! = 288, மூன்றையும் கட்டினால் 8×3! = 48. மாறி மாறிக் கழித்துக் கூட்டினால் 720 − 720 + 288 − 48 = 240, நிகழ்தகவு 1/3. முதல் கழித்தலிலேயே பூஜ்யம் வருவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

பழைய 5 பையன், 3 பெண்ணை வட்ட மேசையில் உட்கார வைத்தால் மறுபடியும் இடைவெளி முறைதான், ஆனால் ஓரமே கிடையாது என்பதால் இடைவெளி 5 மட்டும். வட்டத்தைச் சுழற்றினால் வருவதெல்லாம் ஒரே வரிசைதான் என்பதால் 5!, 8!-க்குப் பதில் 4!, 7!: 4!×60 = 1440, மொத்தம் 7! = 5040, விடை 2/7.