சேர்வராயன் மலைக்கு எஸ்டிஆரா, எஸ்என்பியா?

காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் ஒருவர் சேர்வராயனில் தங்கினார், மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்பது ஏற்காட்டின் மலையாளிப் பழங்குடியினர் சொல்லும் வழிவழிக் கதை. ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. ஆக, கதை மெய்யானால் மூன்று மலையிலும் ஒரே ஒய் இருக்க வேண்டும். அதில் எந்த அடையாளத்தைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி: எஸ்டிஆர் என்பது டிஎன்ஏவில் ஒரு சிறு எழுத்துத் துணுக்கு அடுத்தடுத்து எத்தனை முறை வருகிறது என்ற எண்; எஸ்என்பி என்பது ஒரே ஓர் எழுத்தில் நேர்ந்த மாற்றம்.

எஸ்டிஆர் மலிவு. ஆயத்த கிட்டில் 17 இடங்களை ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். தடயவியலில் அதற்கு மவுசு அதிகம்.

நான் எஸ்என்பி பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒரு கணக்கு. எஸ்டிஆர் ஓரிடத்தில் மாறுவது ஆயிரம் தலைமுறைக்கு ஏறக்குறைய இரண்டு முறை. 17 இடத்தையும் கூட்டினால் சுமார் 30 தலைமுறைக்கு ஒரு மாற்றம். மூதாதையர் வந்து சில நூறு ஆண்டுகள்தான் என்றால், வம்சத்துக்கு ஒன்று தேறினாலே அதிகம். அதுவும் நிலையில்லை: டிஒய்எஸ்19 என்ற எஸ்டிஆர் இடத்தில் 14 என்பது 15 ஆகி, பேரன் காலத்தில் திரும்ப 14 ஆனால் சுவடே இருக்காது. டிஒய்எஸ்385 இன்னும் மோசம். இரண்டு பிரதி இருப்பதால் 13, 16 என்று வந்தால் எது எந்தப் பிரதியுடையது என்றே தெரியாது.

எஸ்என்பியில் ஓர் எழுத்து மாறுவது தலைமுறைக்குப் பத்துக் கோடியில் மூன்று என்ற அளவில்தான். ஆனால் வரிசைப்படுத்தினால், அதாவது டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படித்தால், ஒரு கோடி எழுத்தை நம்பிப் படிக்கலாம். சுமார் மூன்று தலைமுறைக்கு ஒரு புதிய அடையாளம் கிடைத்துவிடும். ஒருமுறை விழுந்தது பெரும்பாலும் அழிவதில்லை.

ஏற்கெனவே தெரிந்த எஸ்என்பிகளின் ஆயத்தப் பட்டியல் மட்டும் போதாது. அதிலுள்ள எம்69 போன்ற அடையாளங்கள் பல ஆயிரம் ஆண்டு பழைய கிளைகளைக் குறிப்பவை, தென்னிந்தியா முழுக்க உண்டு. மூன்று மலையிலும் அதுவே வந்தால் அண்ணன் தம்பி உறவு நிரூபணமாகிவிடாது. தமிழ்நாட்டின் 31 சமூகங்களில் 1,680 ஆண்களைப் பார்த்த 2012 ஆய்விலும் எஸ்என்பி, எஸ்டிஆர் இரண்டையும் சேர்த்தே கையாண்டார்கள்.

செலவுதான் உதைக்கிறது. எல்லோரையும் வரிசைப்படுத்தக் காசில்லை; மலைக்குச் சிலரை மட்டும் வரிசைப்படுத்தி, கிடைக்கும் புது அடையாளத்தை மற்றவர்களிடம் சாதாரண பிசிஆரில் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டை மட்டும் பெருக்கிப் பார்க்கும் சோதனை) தேடுவதாக முடிவு செய்திருக்கிறேன். அந்தச் சிலரில் இருவர் ஒரே தாத்தாவின் பேரன்களாக அமைந்துவிட்டால் பணம் வீண். ஊர்க்கவுண்டரிடம் பங்காளி முறை கேட்டுக்கொண்டாலும், எஸ்டிஆர் ஓட்டி ஒரே எண்வரிசை உள்ளவர்களை முன்கூட்டியே கழித்துவிடலாம். அப்படிச் சலித்தெடுக்க 17 இடம் போதும்.