பூங்கொத்தா, பொம்மையா, குழந்தைச் செட்டா? வீட்டுக் குரோசே தொழிலுக்கு எது கைகொடுக்கும்

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோசே வேலை செய்து விற்கலாம் என்று நினைப்பவர் முதலில் ஓடுவது நூற்கடைக்கு. பத்து நிறத்தில் பந்துகளை அள்ளி வந்த பிறகுதான் எதைப் பின்னுவது என்ற கேள்வி வருகிறது. இந்த ஒழுங்கு பிழை. எந்தச் சாமானை விற்பது என்று முதலில் தீர்மானித்தால் நூலும் ஊசியும் விலையும் விற்கும் இடமும் அதைப் பொறுத்தே அமையும்.

யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்து விற்க நினைப்பவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பொம்மையும் கீ டேக்கும் ஒன்று. கம்பியில் கட்டிய குரோசே பூங்கொத்து இன்னொன்று. தொப்பி, குட்டிச் சப்பாத்து, போர்வை என்று குழந்தைச் செட் மூன்றாவது. மூன்றையும் ஒரே கையால் பின்னலாம். ஆனால் ஒரே வாரத்தில் மூன்றையும் ஓட்டப் பார்த்தால் ஒன்றும் உருப்படியாக முடியாது.

ஒப்பிட ஒரே ஒரு அளவுகோல் போதும்: ஒரு மணி நேரக் கைவேலைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது. குரோசேக்கு முதல் என்பது நூல் இல்லை, நேரம். சட்டைத் துணி நெய்யவும் சுவெட்டர் பின்னவும் இயந்திரம் இருக்கிறது. குரோசே கடையில் எங்கே கிடந்தாலும் அது யாரோ ஒருவர் கையால் பின்னியது. அந்த நேரத்தை விலையில் சேர்க்காதவர் மற்ற வீட்டுப் பெண்களின் கூலியையும் சேர்த்தே குறைக்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூல் விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் கணக்குப் போடும் விதம் மாறாது. மில்க் கொட்டன் எனப்படும் மென்மையான நூல் 50 கிராம் பந்து 350 ரூபா, நல்ல கொட்டன் 50 கிராம் 450 ரூபா, மூன்று சாமானும் தலா 2,200 ரூபாவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 சென்ரிமீற்றர் பொம்மைக்கு 60 கிராம் நூல் 420, பஞ்சு 80, கண் 30, பொதி 70, ஆக 600. மிச்சம் 1,600. வேலை 7 மணி. மணிக்கு 228 ரூபா. ஐந்து ரோசாக் கொத்துக்கு நூல் 420, கம்பி, ரேப், தாள், ரிபன் எல்லாம் 280, ஆக 700. மிச்சம் 1,500. வேலை நாலரை மணி. மணிக்கு 333. தொப்பியும் சப்பாத்தும் சேர்ந்த செட்டுக்கு நூல் 450, பெட்டியும் மற்றதும் 250, ஆக 700. வேலை 5 மணி. மணிக்கு 300.

இதைப் பார்த்து, பூங்கொத்துதான் வென்றது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த 333 வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

பொம்மை

படத்தில் அழகாக விழுவது பொம்மைதான். வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போட்டால் "எவ்வளவு?" என்று கேள்வி குவியும். விலையைச் சொன்னதும் பாதிப்பேர் மௌனமாகிவிடுவார்கள். பட்டினக் கடைகளில் இயந்திரத்தில் தைத்த பஞ்சுப் பொம்மை இதைவிடப் பெரிதாக, இதைவிட மலிவாகத் தொங்குகிறது. இந்தப் போட்டி மற்ற இரண்டுக்கும் இல்லை.

நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால் உடம்பும் தலையும் பின்னுவதில் இல்லை. 6 கண்ணியில் (பின்னல் முடிச்சில்) தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்டி, 12, 18, 24, 30, 36 என்று போவது கை பழகிவிட்டால் விரைவாக ஓடும். காது, கை, கால், வால் என்று ஏழெட்டுத் துண்டுகளைத் தனித்தனியாகப் பின்னி, நேராகப் பிடித்துத் தைப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. தைத்து முடிந்த பிறகு ஒரு காது சரிந்திருந்தால் பிரித்துத் திரும்பவும் தைக்க வேண்டும். தைப்பதற்கு முன் எல்லாத் துண்டையும் குண்டூசியால் குத்தி, எட்டத்தில் வைத்துப் பார்த்தால் பாதிப் பிழை அங்கேயே பிடிபடும். கையையும் காலையும் உடம்போடு சேர்த்தே பின்னும் மாதிரியைத் தெரிவுசெய்தால் ஒன்றரை மணி மிஞ்சும்.

வழக்கமாக வரும் பிழைகள் மூன்று. நூல் லேபிளில் சொன்ன ஊசியையே பாவிப்பது முதலாவது. பொம்மைக்கு அதைவிட ஒரு மில்லிமீற்றராவது சிறிய ஊசி வேண்டும், மில்க் கொட்டனுக்கு 2.5 மில்லிமீற்றர் அளவானது. இல்லாவிட்டால் கண்ணிக்குள்ளால் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும். இரண்டாவது, கழுத்தில் பஞ்சு காணாமல் தலை ஆடுவது. கழுத்தை மூடுவதற்கு முன் பென்சில் முனையால் பஞ்சை இறுக்கித் தள்ள வேண்டும். மூன்றாவது, வீட்டில் கிடக்கிறதென்று இலவம் பஞ்சு அடைப்பது. தலையணைக்கு அதைப்போல ஒன்றில்லை. பொம்மைக்குள் போனால் ஒருமுறை கழுவியதும் கட்டிபட்டுவிடும், உள்ளே ஈரம் காயாது. கழுவக்கூடிய பொலியெஸ்ரர் பஞ்சுதான் சரி.

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு என்றால் பிளாஸ்ரிக் கண் வேண்டவே வேண்டாம். பின்னால் பூட்டுப் போட்ட கண் என்றாலும் கண்ணி தளர்ந்தால் முழுதாகக் கழன்று வரும், வாய்க்குள் போகும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்து விடுங்கள். வாங்குபவர் கேட்காவிட்டாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கீ டேக் வேறு கதை. 10 கிராம் நூல், ஒரு மணிக்குச் சற்றுக் கூட. மிச்சமான நூல்களை அதில் தள்ளலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பைகளில் தொங்கி ஊரெல்லாம் காட்டிக்கொடுக்கும். அதை மட்டும் நம்பித் தொழில் நடத்த முடியாது, அவ்வளவுதான்.

பூங்கொத்து

இதன் பெரிய பலம், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து முன்கூட்டியே செய்து வைக்கலாம் என்பது. ஒரு ரோசா 8 கிராம், அரை மணிக்குச் சற்று மேல். சோறு வடித்துவிட்டு இருக்கும் இடைவெளியில் ஒன்று முடியும். நாற்பது ஐம்பது பூவைப் பின்னிப் பெட்டியில் போட்டு வைத்தால், ஓடர் வந்த அன்றே கொத்தைக் கட்டிக் கொடுக்கலாம். பொம்மையில் இது நடக்காது. குழந்தைச் செட்டிலும் அளவு தெரியாமல் பின்னி வைக்க முடியாது.

பலவீனம், நாட்காட்டி. பெப்ரவரி 14, மார்ச் 8, மே மாத அன்னையர் தினம், ஒக்ரோபர் 6 ஆசிரியர் தினம், பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாட்கள். இவற்றுக்கு முந்திய வாரத்தில் கை போதாது. பிந்திய வாரத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பட்டமளிப்புக் கூட்டத்தில் வாடாத பூவுக்குத் தனி மதிப்பு உண்டு. வெயிலில் கால்கடுக்க நின்று எடுத்த படத்துக்குப் பிறகும் அது வீட்டுக்குப் போகும், வருடக்கணக்காக மேசையில் இருக்கும்.

கெட்டுப்போகும் இடங்களும் திட்டவட்டமானவை. ரோசாவுக்கு நீளமாகப் பின்னிய இதழ்ப் பட்டியைச் சுருட்டியபின் சூட்டுப் பசையால் மட்டும் ஒட்டுகிறவர்கள் பலர். சித்திரை வெயிலில் மூடிய வாகனத்துக்குள் போகும் பார்சலில் அந்தப் பசை இளகும், தலை கழன்று கையில் வரும். சுருட்டும்போதே அடியில் எல்லா மடிப்பும் அகப்படும்படி ஊசி நூலால் குறுக்கும் மறுக்குமாக மூன்று இழுவை போட்டு, கம்பி நுனியைக் கொக்கிபோல் வளைத்துப் பூவுக்குள் இழுத்துத் தைத்தால் பசை தேவையே இல்லை. கம்பியில் இன்னொரு சிக்கல்: வெறும் இரும்புக் கம்பி மாரி ஈரத்தில், அதுவும் கரையோர வீடுகளில், துருப்பிடித்துப் பச்சை நூலுக்கு வெளியே மண்ணிறமாகக் கசியும். பிளாஸ்ரிக் உறை போட்ட கம்பி வாங்குங்கள். கொத்துக்குப் பாரம் குறைவு, இடம் அதிகம். பெரிய பெட்டி இல்லாமல் தூரத்துக்கு அனுப்பினால் நசிந்துதான் சேரும். ஆகவே இது யாழ்ப்பாணத்துக்குள் கையோடு கொடுக்கும் பண்டம்.

குழந்தைச் செட்

எங்கள் தீர்ப்பு இதன் பக்கம்தான், காரணம் சந்தையின் அமைப்பில் இருக்கிறது. பிள்ளை பிறந்து 31 ஆம் நாள் துடக்குக் கழிவு, பிறகு முதலாவது பிறந்தநாள் என்று கொடுப்பதற்கான நாட்கள் வரிசையாக வருகின்றன. திகதி முன்கூட்டியே தெரியும். கொடுப்பவர் மாமி, பெரியம்மா, சித்தி என்பதால் விலையில் இழுபறி குறைவு. ஒரு வீட்டில் பார்த்தவர் அடுத்த வீட்டுக்குச் சொல்லுவார். கடைப் பொம்மை இதற்குப் போட்டி இல்லை.

ஆனால் திறமை இங்கேதான் அதிகம் வேண்டும். பொம்மை ஒரு சென்ரிமீற்றர் கூடினாலும் பொம்மைதான், தொப்பி ஒரு சென்ரிமீற்றர் குறைந்தால் பிள்ளைக்கு ஏறாது.

தொப்பிக்குக் கணக்கு இது. ஒரு மாதப் பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 37 சென்ரிமீற்றர், ஆறு மாதத்தில் 43, ஒரு வயதில் 46. பின்னல் இழுபடும் என்பதால் தொப்பியின் சுற்றளவு தலையைவிட 2 சென்ரிமீற்றர் குறைய வேண்டும். அதை 3.14 ஆல் பிரித்தால் உச்சி வட்டத்தின் அகலம் கிடைக்கும். ஒரு மாதத்துக்கு 35 ஐப் பிரித்தால் 11 சென்ரிமீற்றர், ஆறு மாதத்துக்கு 41 ஐப் பிரித்தால் 13. வட்டம் அந்த அகலத்துக்கு வந்ததும் கண்ணி கூட்டுவதை நிறுத்தி நேரே இறக்க வேண்டும். வட்டம் கிண்ணம்போல் குழிந்தால் கூட்டியது காணாது, விளிம்பு அலைபோல் நெளிந்தால் கூடிவிட்டது. சப்பாத்துக்கு அடிப்பாதம் மூன்று மாதம் வரை 9 சென்ரிமீற்றர், ஆறு மாதம் வரை 10. 31 க்கு வாங்குபவருக்கும் மூன்று மாத அளவே பின்னிக் கொடுங்கள். சரியான அளவில் கொடுத்தால் இரண்டு கிழமையில் சிறுத்துவிடும்.

மாதிரியை யூரியூப்பில் பார்த்துப் பின்னுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் அமெரிக்க முறை. அதில் ஒற்றைக் குரோசே எனப்படும் கண்ணி பிரித்தானிய முறைப் புத்தகத்தில் இரட்டைக் குரோசே. இரண்டையும் கலந்தால் தொப்பியின் உயரமே மாறிவிடும்.

நூலில்தான் பெரிய பிளவு. யாழ்ப்பாணத்தில் பாவிக்கப் போகும் பிள்ளைக்கு முழுக் கொட்டன். அக்றிலிக் வியர்வையை உறிஞ்சாது, இந்த வெக்கையில் வியர்க்குருதான் மிஞ்சும். ரொரன்ரோவுக்கோ ஒஸ்லோவுக்கோ போகும் செட் என்றால் அக்றிலிக் நல்லது: சூடு காக்கும், இயந்திரத்தில் துவைக்கலாம், கெதியில் காயும். மில்க் கொட்டன் என்ற பெயரைப் பார்த்து முழுக் கொட்டன் என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது கலப்பு நூல், லேபிளில் விகிதத்தைப் பாருங்கள். அக்றிலிக்கின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் பின்னல் தட்டையாகி உயிரிழந்துவிடும், திரும்ப எழும்பாது. ஈரமாக்கிக் கையால் வடிவம் பிடித்துக் காயவிட்டால் போதும்.

கொட்டன் சுருங்கும். 10 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றைப் பின்னி, கழுவி, காயவைத்து அளவெடுங்கள். ஒன்பதரைக்கு வந்தால் 41 சென்ரிமீற்றர் தொப்பியில் 2 சென்ரிமீற்றர் போய்விடும். கழுவுவதிலும் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. சவர்க்காரக் கட்டி போட்டால் நுரைக்குப் பதில் சாம்பல் நிறப் படிவு உண்டாகி வெள்ளை நூலில் ஒட்டும், பின்னர் மஞ்சளிக்கும். சவர்க்காரம் அல்லாத திரவச் சலவை டிற்றர்ஜென்ற் பாவித்து, கடைசி அலசலுக்கு மழைநீரை எடுங்கள். வெள்ளைச் செட்டுக்கு இது கட்டாயம்.

போர்வையும் கேட்பார்கள். 75 சென்ரிமீற்றர் சதுரத்துக்கு 250 முதல் 300 கிராம் நூல், 20 மணிக்குக் குறையாத வேலை. நூலை முழுவதும் ஒரே நாளில், லேபிளில் ஒரே லொட் எண் (ஒரே தடவையில் சாயமிட்ட தொகுதியின் எண்) பார்த்து வாங்க வேண்டும். இரண்டாம் முறை வாங்கிய வெளிர்நீலம் பாதியில் ஒரு கோடாகத் தெரியும், அதை மறைக்க வழியில்லை.

பாதுகாப்பில் இரண்டு. தொப்பிக்குக் கழுத்தைச் சுற்றும் நீள நாடா வைக்காதீர்கள், மணியும் தளர்ந்த பொத்தானும் வேண்டாம். சப்பாத்தின் உட்புறத்தில் நூல் நுனியோ தொங்கும் இழையோ இருக்கக் கூடாது. அது பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். ஒவ்வொரு நுனியையும் இரு திசையில் செருகி, உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்த பிறகே பெட்டியில் வையுங்கள். பெட்டி பனையோலையில் இருந்தால் இன்னும் சிறப்பு.

விற்கும் வழி

கடையில் விட்டு விற்றால் கழிவு கொடுக்க வேண்டும். கால் பங்கு என்று வைத்தால் 2,200 இல் 550 போய்விடும். பொம்மையில் மணிக்கு 150 தான் மிஞ்சும், செட்டில் 190. கடைக்குக் கீ டேக் மட்டும் கொடுப்பது உத்தமம்.

குரியரில் பொருளைக் கொடுத்துக் காசு வாங்கும் முறை, எவருக்கும் விற்கக்கூடிய சாமானுக்குச் சரி. பிள்ளையின் பெயர் பின்னிய தொப்பி திரும்பி வந்தால் அதை வேறு எவரும் வாங்கமாட்டார்கள், அனுப்பிய செலவும் உங்கள் தலையில். பெயரோ அளவோ சொல்லிக் கேட்கும் ஓடருக்குப் பாதிக் காசு முன்பணம், மிச்சம் அனுப்புவதற்கு முன். உறவுக்காரர் என்றாலும் இதுவே முறை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஊருக்கு வருவார்கள். போகும்போது பெட்டியில் மடித்து வைக்கத் தொப்பியும் போர்வையும் அடங்கும், பூங்கொத்து அடங்காது. அதனால் ஆனி மாதமே அக்றிலிக் நூலை எடுத்து, அங்கே பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கான ஓடர்களைக் கேட்டு வையுங்கள். தேர் முடிந்த பிறகு கேட்பவருக்குப் போர்வை பின்னிக் கொடுக்க நாள் காணாது.

மெல்லிய 20 ஆம் இலக்க நூலில் மேசை விரிப்புப் பின்னுபவர்களும் உண்டு. அது கைக்குப் பெருமை தரும் வேலை. 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்கே 8 மணி போகும், அந்த நேரத்துக்கு விலை கொடுப்பவர் மிகச் சிலர். விற்பனைக்கு அதை நம்ப வேண்டாம்.

வாரத்துக்கு 20 மணி கிடைக்கிறவர் 12 மணியைக் குழந்தைச் செட்டுக்கும் 5 மணியைப் பூத்தலை சேர்ப்பதற்கும் மிச்சத்தைக் கீ டேக்குக்கும் ஒதுக்கலாம். தை மாதமும் புரட்டாதியும் வந்தால் பூவுக்கு 10 மணியாகக் கூட்டுங்கள். பொம்மையை ஓடர் வந்தால் மட்டும், முன்பணத்தோடு, மூன்று வாரத் தவணையில் எடுங்கள்.